அண்ணன் ஈரல் குறித்த விளக்கம்

அபிஷேகப்பாக்கம்

அன்புத் தம்பி சகாய சுரேசுக்கு, அண்ணன் பவுல்ராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ரத்த ரிப்போர்ட் எதிரிலேயே கிடப்பதால் அந்தப் பொய்யை விட்டுவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கலாமென்றால் உன் மனைவி ஜெசிந்தா என் போனை எடுப்பதில்லை. உனக்கு ஈரலில் பாதி தருவதாகச் சொல்லிவிட்டு, நான் குடித்துக் கெடுத்துக்கொண்டேன் என்று நினைக்கிறாள். அதனால்தான் சென்னைக்கு வரும் பக்கத்து வீட்டு அரிகரன் கையில் இந்தக் கடிதம்.

மாதா மேல் சத்தியம், நான் குடிப்பதில்லை. முதல் டெஸ்டில் எல்லாம் சரியாகத்தானே இருந்தது? இரண்டாவதில், ஈரல் கெட்டால் ஏறுமாமே அந்த எஸ்.ஜி.பி.டி., நாற்பதுக்குள் இருக்க வேண்டியது இருநூறைத் தாண்டிவிட்டது. டாக்டர் "குடிப்பீங்களா?" என்றார். இல்லை என்றேன். "எந்த ஊரு, பாண்டிச்சேரியா?" என்றார். அதோடு நம்ம மானம் போச்சு. காமாலை வைரஸ் தேடினார்கள், இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள், கொழுப்பும் இல்லை. ஊருக்கு வந்தால் உன் அண்ணி அன்னாமேரி வைக்கோல் போரைப் பிரித்துப் போட்டு பாட்டில் தேடுகிறாள். "எங்க ஒளிச்சி வெச்சிக்கீற, சொல்லு!" என்கிறாள். ஞாயிறு பூசையில் சாமியார் குடியைப் பற்றிப் பிரசங்கம், கண்ணு என் மேலேயே. கோயிலே திரும்பிப் பாக்குது. நான் இன்னாடா பண்ணுவேன்?

மீன் கொண்டு வரும் சுப்புராயன் அண்ணன், ஈரலுக்கென்று ஒரு பச்சிலைப் பொடி தருகிறார். தம்பிக்குப் போற சாமானாச்சே, சுத்தம் பண்ணிக் குடுப்போம்னு முதல் டெஸ்ட் முடிஞ்சதிலிருந்து வெறும் வயித்துல மோர்ல கலக்கிக் குடிக்கிறேன். வெளியே சொன்னால் பலிக்காதாம். எழுதுவது சொல்வதில் சேராது என்று நானே முடிவு செய்துகொண்டேன். "வேற எதனா மருந்து சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரிப்போர்ட் மோசம் என்றதும் சுப்புராயன், "வேகம் பத்தல பவுலு, ரெண்டு வேளையா குடி" என்றார். குடித்தேன். மூணாவது டெஸ்ட் ஐநூறு. இப்ப மூணு வேளை.

அடுத்த டெஸ்டிலும் இறங்காவிட்டால் என்னைத் தள்ளிவிட்டு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். நம்ம வூட்டுல வேற ஆள் யாரு? பயமா கீதுடா. நீ பொழைக்கணும்.

ஜெசிந்தாவிடம் என் நியாயத்தை எடுத்துச் சொல். பிள்ளைக்கு என் முத்தம். மாதா துணை, பொடியும் துணை.

இப்படிக்கு,
குடிக்காத அண்ணன்,
பவுல்ராஜ்

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு. உறையை ஒட்டித் தருவதாகச் சொல்லி வாங்கிய உன் அண்ணி கடிதத்தைப் படித்துவிட்டு டாக்டருக்கு போன் போட்டாள். என் ஈரலைக் கெடுப்பதே அந்தப் பொடிதான் போலிருக்கிறதாம். இன்றே நிறுத்தணுமாம். நிறுத்தினால் இறங்குமாம், ஆனால் வாரக்கணக்கில் ஆகுமாம். சுப்புராயனைக் கேட்டால், "நீ வெளிய சொல்லிட்ட, இனிமே பலிக்காது" என்கிறார். பலிக்காமலே போகட்டும். என் ஈரல் நம்பர் இறங்கி வர்ற வரைக்கும் நீ இருடா தம்பி. எப்படியாவது இரு.