ஜலஜாவுக்கு வந்த டப்பாக்கள்

வாங்குவதா, வேண்டாமென்று சொல்வதா என்று சீதாராமன் முடிவு செய்வதற்குள் தயிர் டப்பா அவர் கைக்கு வந்துவிட்டது.

"வீட்டுல உறை ஊத்தினது அண்ணே. கீமோவுல வயித்துல இருக்குற நல்ல கிருமியெல்லாம் செத்துப் போயிருமாமே. அக்காவுக்குக் குடுங்க" என்றாள் எதிர் ஃபிளாட் மெஹர்பானு.

குவைத்தில் பதினாறு வருஷமாக சேஃப்டி ஆபீசர் உத்தியோகம். ஹெல்மெட் இல்லாமல் ஏறாதே, கிரேனுக்கு அடியில் நிற்காதே என்று சைட்டில் நூறு பேரை அதட்டுகிற மனுஷர். எதிர் வீட்டுக்காரியிடம் வேண்டாம் என்று சொல்ல மட்டும் வாய் வராது.

மெஹர்பானு சொன்னது பாதி உண்மை. மீதியை டாக்டர் சொல்லியிருந்தார்.

"வேகமா வளர்றது எதுவா இருந்தாலும் இந்த மருந்து அடிக்கும் சார். கேன்சரை அடிக்கும், முடியை அடிக்கும், குடலோட உள்தோலையும் அடிக்கும். அது இப்போ புண்ணாகி மெலிஞ்சு கிடக்கு. வெள்ளை அணு கவுண்ட் ஏறுற வரைக்கும் தயிர்ல இருக்கிற நல்ல கிருமியைக்கூட நம்ப முடியாது, ரத்தத்துக்குள்ள போயிடலாம். நல்லா வேகவெச்சதா குடுங்க, போதும்."

வியாழக்கிழமைக்குள் கவுண்ட் ஏறினால்தான் நான்காவது கீமோ. இல்லையென்றால் தள்ளிப்போகும்.

உள்ளே அவர் மனைவி ஜலஜா படுத்திருந்தாள். வாயெல்லாம் புண். குழைந்த கஞ்சி நாலு ஸ்பூன் இறங்க அரை மணி நேரம், இறங்கியதும் பாத்ரூமுக்கு ஓட்டம். தாளிக்கிற வாசனை பட்டாலே குமட்டியது என்பதால் அந்த வீட்டில் கடுகு வெடித்து இரண்டு மாதமாகிறது. சீதாராமனுக்கு மூன்று வேளையும் டீயும் குபூஸ் ரொட்டியும்தான். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்று ஜலஜா தினமும் கேட்பாள்.

"ஆச்சு" என்பார்.

தயிரைக் கொட்ட மனசு வரவில்லை. சமையலறையில் நின்றபடியே வழித்துத் தின்றுவிட்டு, டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"ஒரே நாள்ல காலியா? அக்காவுக்குப் பிடிச்சிருந்துச்சா அண்ணே?"

"ம்... ரொம்ப."

மறுநாள் வத்தக்குழம்பு வந்தது. அதற்கு மறுநாள் இரண்டாம் மாடி வாசு பருப்பு உசிலியோடு வந்து நின்றான்.

"வாய்க்கு உறைப்பா இருந்தாத்தான் சார் மேடத்துக்குப் பசி எடுக்கும்."

புண்ணான வாய்க்கு மிளகாய் வற்றல். சீதாராமன் அதையும் வாங்கிக்கொண்டார். ஜலஜாவின் மூக்குக்கு எட்டாமல் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, அந்த வெக்கையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தின்றார். வருவதெல்லாம் தனக்குப் பிடித்ததாகவே வந்து தொலைத்ததுதான் கொடுமை. உள்ளே பெண்டாட்டிக்குக் கஞ்சி இறங்கவில்லை, வெளியே இவர் அவள் பேரில் வந்ததைச் சப்புக்கொட்டித் தின்கிறார். அவமானமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால் வந்தது என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

சேஃப்டி ஆபீசருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் போர்டு வைப்பது. 'நோயாளி ஓய்வில் இருக்கிறார். வெளி உணவுக்கு அனுமதி இல்லை' என்று சிவப்பு எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினார்.

பெல் சத்தம் நின்றது. அதற்குப் பதிலாக டப்பாக்கள் பையோடு கதவுக் கைப்பிடியில் தொங்க ஆரம்பித்தன. யார் வைத்தது என்று தெரியாததால் வேண்டாம் என்று சொல்லவும் ஆளில்லாமல் போயிற்று. புளியோதரை வாசம் உள்ளே நுழைவதற்குள் ஓடிப்போய் எடுக்க வேண்டியிருந்தது.

"வாசல்ல யாரு?" என்றாள் ஜலஜா.

"தண்ணி கேன்."

"காலையிலேருந்து மூணாவது கேன்."

"வெயில் காலம் இல்லையா."

ஜலஜா அவரையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை கிளம்பும்போது பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு டாக்டர் தலையாட்டினார். கவுண்ட் ஏறியிருந்தது. அன்றைக்கே நான்காவது கீமோ ஏற்றினார்கள். சீதாராமன் நர்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரமாக நின்று அழுதார்.

சாயங்காலம் ஜலஜாவைப் படுக்கவைத்துவிட்டு, கழுவிய டப்பாக்கள் ஏழையும் அடுக்கி எடுத்துக்கொண்டு எதிர் ஃபிளாட் கதவைத் தட்டினார். இதற்குமேல் மறைக்க அவரால் முடியவில்லை.

"மெஹர்பானு, என்னை மன்னிச்சிரும்மா. இதுல ஒரு பருக்கைகூட ஜலஜா வாயில படலை. அவ சாப்பிடக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கார். உங்க மனசு நோகுமேன்னு சொல்லாம விட்டேன். எல்லாத்தையும் நான்தான் தின்னேன்."

மெஹர்பானு டப்பாக்களை வாங்கிக் கீழே வைத்தாள்.

"தெரியும் அண்ணே. 'எனக்குன்னு சொல்லிக் குடுங்க, வீணாக்க மனசு வராம அவர் சாப்பிட்டுடுவார்'னு உங்களுக்குப் பிடிச்சதையெல்லாம் லிஸ்ட் போட்டு பில்டிங் முழுக்க அனுப்பினதே அக்காதான்."