ரெண்டாம் நம்பர் அப்பா

நூற்றுப் பத்துப் பேரை என் அப்பாவுக்கு முன்னால் நுழையவிட்டவள் நான்தான். அதுவும் கம்ப்யூட்டர் படித்த திமிரில்.

எண்பதுகளின் கடைசி. தம்பானூர் பக்கம் ஒரு கேஸ் ஏஜென்சியில் எனக்குத் தற்காலிக வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான் (பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட இதைச் சொல்லிவிடுவேன்). அப்பா அதே தெருவில் டீ மாஸ்டர். புது கேஸ் இணைப்புக்காகக் காத்திருந்த இருநூற்றுச் சொச்சம் பேரில் அவர் இரண்டாவது. வீட்டில் அம்மா மரத்தூள் அடுப்புப் புகையில் இருமிக்கொண்டே நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இணைப்பு கொடுப்பதற்கு முதல் நாள், விட்டுப்போன ஒருவரை '47ஏ' என்று சேர்க்கச் சொன்னார் மேனேஜர். எண்களுக்கான பத்தியில் எழுத்து ஏறவில்லை. இதென்ன பிரமாதம் என்று அந்தப் பத்தியையே எழுத்துப் பத்தியாக மாற்றி, வரிசைப்படுத்தும் இண்டெக்ஸையும் புதிதாகப் போட்டேன். 'ஏ' ஏறிவிட்டது. பட்டியலைச் சரிபார்க்கவில்லை. (கம்ப்யூட்டரையே சரிபார்ப்பதா?)

எண்ணாக இருக்கும்வரை இரண்டுக்குப் பிறகுதான் பத்து. எழுத்தாகிவிட்டால் அகராதிக் கணக்கு. '1' என்று தொடங்குகிற 10 முதல் 19, 100 முதல் 199 எல்லாம் போன பிறகுதான் 2-க்கு வழி. இது எனக்குத் தெரியாது.

மறுநாள் கொடுக்க இருந்தவை இருபது இணைப்புகள்; வந்து நின்றதோ பட்டியலில் இருந்த அத்தனை பேரும். நானே எழுந்து நின்று வாசித்தேன். ஒன்று, பத்து, நூறு, நூற்றொன்று... எப்போது வரவேண்டும் என்று விசாரிக்க வந்த நூறாம் நம்பர்க்காரர், சிலிண்டரைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஓடினார்.

மூன்றாம் நம்பர்க்காரர், ஒரு மலையாளி, எழுந்தார். "எந்தா மோளே, ஒண்ணு கழிஞ்ஞா பத்தா?"

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது சார்" என்றேன்.

அவர் மறுபடி வாய் திறப்பதற்குள் அப்பா அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "எம் மவ படிச்சவ. ரெண்டாம் நம்பர் நானே சும்மா இருக்கேன், உமக்கென்னவே?"

நூற்றுப் பதினாறோடு இருபதும் தீர்ந்தது. மேனேஜர் பழைய நோட்டைத் தேடி எடுத்தபோது சிலிண்டர்கள் ஆட்டோ ஏறிப் போயிருந்தன. நான் கம்ப்யூட்டர் அறையிலிருந்து கவர் ஒட்டும் மேசைக்குப் போனேன்.

ஏழு மாதம் கழித்து, அடுத்த ஒதுக்கீட்டில், எங்கள் வீட்டுக்கும் கேஸ் வந்தது. முதல் தோசை அப்பாவுக்கு. அடுத்ததற்கு நான் தட்டை நீட்டினேன்.

"இருடி, நூறாவது தோசை போவட்டும்" என்றாள் அம்மா.

இன்றுவரை அந்த வீட்டில் இரண்டாவது தோசை எனக்குக் கிடைத்ததில்லை. அப்பா மட்டும், யார் கேட்டாலும், அன்றைய பட்டியல் சரிதான் என்கிறார்.