மவுஸைப் பிடுங்கிய கறுத்தத்திரை

உலகத்திலேயே மவுஸை எதிரியாகப் பார்த்த ஒரே கணினிக்காரர் எங்கள் கறுத்தத்திரைதான். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாலும் முதலில் திரையில் ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து, அதற்குள் கட்டளைகளைத் தட்டுவார். அதனால் வந்த பட்டம். அமிர்தகழியில் நான் நடத்தும் போட்டோக்கொப்பிக் கடையில் விண்டோஸைத் துரத்தி லினக்ஸைக் குடியேற்றிய புண்ணியவானும் அவரே.

வேலை தொடங்குமுன் மவுஸின் வயரைக் கழற்றி, சுருட்டி, தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்.

"இது இரிந்தா ஆளுக்காள் கிளிக் பண்ணிக் குழப்புவிங்க தம்பி" என்பார்.

குழப்பம் அவராலும் வரும். பழுகாமத்தில் ஒரு சங்கக் கந்தோரில் திரையின் எழுத்தைச் சிறிதாக்கப் போனவர், ஏதோ ஒரு சொல்லை மாற்றித் தட்டித் திரையையே பக்கவாட்டில் திருப்பிவிட்டார். மழை இருட்டிக்கொண்டு வந்ததால், "நாளைக்கு வாறன்" என்று சைக்கிளை எடுத்துவிட்டார். மறுநாள் போனால், அங்கிருந்த கிளாக்கர் மொனிற்றரைச் சரித்து, இரண்டு செங்கல் முட்டுக்கொடுத்து, ஜாலியாக வேலை செய்கிறார்.

"தொடாதிங்ககா! இப்பதான் கடிதம் தலைப்பில இரிந்து கையெழுத்து வரைக்கும் முழுசாத் தெரியிது."

செங்கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

என் கடைக் கணினிக்கு வேறு வியாதி. மொனிற்றர் வயர் பழையது. திரை எவ்வளவு பெரியதென்று கணினிக்கு அது சொல்வதில்லை. கரண்ட் போய் வந்தால், கணினி ஆகச் சின்ன அளவையே பிடித்துக்கொள்ளும். எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவில் வரும், பக்கத்தில் பாதி திரைக்கு வெளியே போய்விடும். சரியான அளவைக் கோப்பில் எழுதிவைத்தால் தானாக வருமாம். ஆனால் அவர் எழுதமாட்டார். "தானா வந்தா நீங்க பழகமாட்டிங்க" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் தானே வந்து தட்டுவார். நானும் பழகவேயில்லை.

ஒருநாள் வசந்தி வந்தாள், பக்கத்து ஒழுங்கைப் பெண். தாதியர் பயிற்சிக்கு இணையத்தில் விண்ணப்பம். வயதெல்லையால் அவளுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. அன்று நான்கு மணியோடு மூடிவிடுவார்கள். எல்லாப் பக்கமும் நிரப்பிச் சேமித்தாயிற்று, கடைசிப் பக்கம் மட்டும் மிச்சம். மூன்றேகாலுக்குக் கரண்ட் போனது. வந்தபோது பூசணிக்காய்களும் வந்தன. 'அனுப்பு' என்ற பொத்தான் திரைக்குக் கீழே எங்கேயோ போய்விட்டது. வசந்தியின் முகம் வெளுத்துவிட்டது.

போன் போட்டேன். பத்து நிமிடத்தில் வந்து, மவுஸைக் கழற்றிப் பையில் போட்டார்.

"அண்ணே, வேறவழியால அந்தப் பொத்தான அமத்த ஏலாதா?" என்று கேட்டேன்.

"ஒப்பேத்திற வேல நான் செய்யிறல்ல. முதல்ல திரை நேராகட்டும்."

கண்ணை மூடிக்கொண்டு, "அறுபத்திமூணு தசம் அஞ்சு, ஆயிரத்தி இருபத்திநாலு, ஆயிரத்தி எழுபத்திரெண்டு..." என்று திரையளவுக் கணக்கைத் தேவாரம்போல ஓதியபடி தட்டினார். திரை ஒருமுறை இருண்டு, விரிந்து, அழகாக நின்றது. 'அனுப்பு' தெரிந்தது. "வேல முடிஞ்சி" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வசந்தி ஆவலாகக் கையை நீட்டினாள். மேசையில் மவுஸ் இல்லை.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. நான் போனில் அலறினேன்.

"மவுஸா? என்ட பொக்கற்றுக்குள்ளயா?" பையைத் தட்டிப் பார்க்கும் சத்தம். "ஐயோ, ஓம். போனை வசந்திக்கிட்டக் குடுங்க தம்பி... புள்ள, பயப்பிடாத. கீபோட்டில இடப்பக்கம் டாப் எண்டு ஒண்டு இரிக்கும். அமத்து. இன்னொருக்கா. பொத்தானச் சுத்திக் கோடு வருதா?"

"இல்ல மாமா... இல்ல... வந்திட்டு!"

"எண்டரத் தட்டு!"

'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்று திரையில் வந்தது. வசந்தி அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிடத்தில் வாசலில் சைக்கிள் சரிந்து விழும் சத்தம். பேசிக்கொண்டே திரும்பி மிதித்து வந்திருக்கிறார். சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. திரையைக் காட்டி, போய்விட்டதா என்று கையால்தான் கேட்டார். வசந்தி தலையாட்டியதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திட்டுவதற்கு நான் சேர்த்துவைத்திருந்த சொல்லையெல்லாம் விட்டுவிட்டேன். அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அப்படியெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லாதபடியால், சீனி கூடப் போட்டு ஒரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன்.