லெப்டினன்ட் சாமுவேலுக்கும் எனக்கும் வாசித்த ஓலை

அன்று பூசையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் அந்தோணி, ஆண்கள் பக்கம், கடைசி பெஞ்சு. மாமியார் செசிலி, பெண்கள் பக்கம், முதல் பெஞ்சு. மண்டபச் சாவி வைத்திருக்கும் குரூஸ் அண்ணன், தூண் ஓரம். அந்த வாரம்தான் மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் வந்து இறங்கிய புதுச் சாமியார், பீடத்தில். மாமியாருக்குப் பின்னால் நான். அப்புறம் லெப்டினன்ட் சாமுவேல். அவர் நான் எழுதிய கதையில் வருகிற ஆள்.

நான் எட்டாவது வரை படித்தவள். சாத்தம் பக்கம் தையல் கடையில் வேலை. பாம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் ஃபெர்ரியில் போய் வருவேன். கடற்படைக்காரர்களின் யூனிபார்ம் எங்கள் கடைக்கு ஆல்டரேஷனுக்கு வரும். கால் சுருக்குவேன், இடுப்பு பிரித்துவிடுவேன் (பிரிப்பதுதான் அதிகம்). ஃபெர்ரியில் உட்கார்ந்து போனில் நாவல் எழுதுவேன். ஒரு வீரன், ஒரு விசுவாசமுள்ள பெண், நடுவில் புயல். வீரன் ஆண்டவரை மறந்திருப்பான். புயலில் ஞாபகம் வரும். முத்தம் கிடையாது. ஜெபம் உண்டு. கடைசியில் பூசையோடு கல்யாணம். என் வீரர்கள் எல்லோரும் ஆறடி. கடைக்கு வந்த பேன்ட் எதுவும் ஆறடி ஆளுக்குத் தைத்தது இல்லை.

முதல் நாவலை மெயின்லேண்டில் ஒரு சின்ன அச்சகம் போட்டது. புத்தகக் கட்டு கப்பலில் வந்தது. கடையில் மெஷினுக்கு அடியில் மறைத்து வைத்தேன். வீட்டில் சொன்னால் வேண்டாம் என்பார்கள். எங்கள் கோவிலின் பங்கு மண்டபத்தில், எல்லோர் முன்னாலும் வெளியிட்டுவிட்டால் அப்புறம் என்ன சொல்ல முடியும்? (பெரிய மூளை.)

அறிவிப்புக்குச் சீட்டு கொடுக்க வேண்டும். எனக்கு நீட்டி எழுதப் பிடிக்காது. புத்தகத்தின் பெயர், என் பெயர், இடம், நேரம். போதும் என்று எழுதினேன்.

‘லெப்டினன்ட் சாமுவேல். பிலோமினா, பாம்பூஃப்ளாட். வரும் ஞாயிறு பூசைக்குப் பின், பங்கு மண்டபம். டீ, கேக் உண்டு.’

சீட்டுகளைச் சரிபார்க்கும் உபதேசியார் இருந்தால் என்ன ஏது என்று கேட்டிருப்பார். அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். சீட்டை அறிவிப்புத் தட்டில் போட்டேன். அதில் ஏற்கனவே கல்யாண ஓலைகள் இரண்டு கிடந்தன. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் பெயரைக் கோவிலில் வாசிப்பார்கள், அந்த ஓலை.

சாமியார் இரண்டையும் வாசித்தார். அதே குரலில் மூன்றாவதையும் எடுத்தார்.

“லெப்டினன்ட் சாமுவேல் அவர்களுக்கும், பாம்பூஃப்ளாட் பிலோமினா அவர்களுக்கும் வரும் ஞாயிறு திருமணம். டீ, கேக் உண்டு. இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளார்கள்.”

பங்கில் பிலோமினா நான் ஒருத்திதான். கோவிலே திரும்பிப் பார்த்தது.

கடைசி பெஞ்சில் ஒருவர் எழுந்தார்.

“சாமி, தடை இருக்கு.”

“என்ன தடை?”

“நான் அவ புருஷன்.”

மாமியார் திரும்பினார். “ஏட்டி, பட்டாளத்தானாட்டி?”

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். எனக்கும் கால் வாசல் பக்கம்தான் இழுத்தது. ஆனால் ஓடினால் கல்யாணம் உண்மையாகிவிடும். மைக் பக்கம் போனேன்.

“அது புத்தகம். நான் எழுதினது. சாமுவேல் கதையில வார ஆளு. அடுத்த ஞாயிறு வெளியீடு. தடை இருக்கிறவங்க இப்பவே சொல்லுங்க.”

குரூஸ் அண்ணன் கையைத் தூக்கினார். “காதல் கதையா தாயி?”

“ஜெபம் இருக்கு அண்ணே.”

“காதலும் இருக்குல்லா?”

“இருக்கு.”

“அப்போ மண்டபச் சாவி இல்ல.”

“வேண்டாம். வாசல்ல வைப்பேன்.”

செய்தி எங்களுக்கு முன்னால் ஜெட்டிக்குப் போய்விட்டது. ஃபெர்ரியில் டிக்கெட் கொடுப்பவன் கல்யாண வாழ்த்துச் சொல்லிப் பல்லைக் காட்டினான். “பாபி, ஷாதி முபாரக்!” பக்கத்தில் நின்ற என் கணவரிடம் ஒரு டிக்கெட்டை நீட்டி, “அண்ணா, தூல்ஹா நஹி ஆயா?” என்றான். மாப்பிள்ளை வரவில்லையாம்.

பாதிக் கடல் வரை அவர் அந்த டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தார். எழுதுவதை நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது என்று யோசித்தேன். நிறுத்தக் கூடாது என்று முடிவு செய்தேன். அப்புறம்தான் அவர் வாய் திறந்தார்.

“அவனுக்கு ஏன் அந்தோணின்னு பேர் வைக்கல?”

“அவன் ராத்திரி முழுக்க ஜெபம் சொல்லுவான். நீங்க அருள் நிறைந்த மரியேயிலயே தூங்கிருவீய.”

“ஆளு நல்லவனா?”

“ஆறடி.”

“பாத்தியா,” என்றார். அவர் ஐந்தே காலடி.

அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் தையல் கடை மேசையைப் போட்டேன். தூக்கி வந்தவர் என் கணவர். கல்யாணத்துக்கு வருகிற மாதிரி கூட்டம். முந்தின வாரம் பூசைக்கு வராதவர்கள் பட்டுச் சேலையில் வந்தார்கள். ஒருவர் சுவர்க் கடிகாரம் பரிசு கொண்டு வந்தார். திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. கடையில் மாட்டியிருக்கிறேன், ஓடுகிறது. குரூஸ் அண்ணன் தூரத்தில் நின்றே கேக் சாப்பிட்டார்.

எங்கள் கடை வாடிக்கையாளர், கடற்படைத் தம்பி ஒருவர், அங்கேயே பக்கம் புரட்டினார்.

“அக்கா, புயல்ல நீர்மூழ்கிக் கப்பல் மேல முழங்கால் போட முடியாது. அலை அடிச்சிட்டுப் போயிரும்.”

“சாமுவேல் போடுவான்,” என்றேன்.

அதை இன்றுவரை மாற்றவில்லை. காதலோடு ஜெபம் கூடாது என்று இன்னும் சொல்கிறார்கள். கானாவூர் கல்யாணத்துக்கு ஆண்டவரே போனார் என்பேன். மேலே பேச மாட்டேன். எழுதத்தான் நேரம்.

வீட்டில் அந்த ஓலை மட்டும் முடியவே இல்லை. புது நாவல் கட்டு கப்பலில் வந்தால் என் கணவர் எழுந்து நிற்பார். “சாமி, தடை இருக்கு” என்பார். அப்புறம் கட்டை அவரே தூக்கி வருவார். போன மாதமும் தூக்கி வந்தார். மாமியார் மீன் கழுவிக்கொண்டே அட்டையில் இருந்த விமானப்படைக்காரனைப் பார்த்தார்.

“இது எத்தனாவது மாப்பிள்ளட்டி?”

ஒன்பதாவது.