புல்லுக்குக் காவல் இருப்பவர்

தோட்டக்காரர்களில் ஒரு ரகம் உண்டு. செடியை வளர்க்கிறவர்கள் அல்ல, வளரவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வெயில் காலம் பிறந்தால் தலையில் தொப்பி, கையில் கத்தரிக்கோல், வாயில் "நான் ஒருத்தன் இல்லைன்னா இதெல்லாம் என்னைக்கோ காய்ஞ்சிருக்கும்" என்ற மந்திரம்.

நம் மருந்துக்கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். மதில் ஓரப் பாத்தியில் பின்வரிசை முழுக்க இடுப்பளவு வளரும் அலங்காரப் புல், பதினொரு புதர். முன்வரிசையில் வருஷா வருஷம் தானே தழைத்துப் பூக்கிற செடிகள். தானே என்று நாம்தான் சொல்கிறோம். அவரிடம் சொல்லிப் பாருங்கள். விடிந்தால் போதும், குச்சி நட்டுப் புல்லைக் கட்டுவார், கட்டியது கோணலென்று அவிழ்ப்பார், செடிக்குப் பாரமென்று மொட்டைக் கிள்ளுவார், நேற்றைய தண்ணீர் போதவில்லையோ என்று இன்றும் ஊற்றுவார், ஊற்றியது அதிகமோ என்று விரலால் மண்ணைத் தோண்டுவார். விருந்தாளிக்குத் தேநீர் உண்டு. பதினொரு புல்லின் ஜாதகத்தையும் கேட்டு முடித்த பிறகு.

மாட்டிக்கொண்டது அவர் மனைவி. அந்த அம்மாவின் தங்கை வெளியூரில் ஆசிரியை, வெயில் காலத்தில்தான் லீவு. இருவருமாகப் போய் அவளோடு பத்து நாள் இருந்துவிட்டு வரவேண்டுமென்று மனைவி ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும்மா தண்ணி ஊத்துவாங்க?"

"ஆறு வருஷமா இதே பாட்டுதான். வந்தா வாங்க, வரலைன்னா புல்லோட குடித்தனம் பண்ணுங்க."

வந்தார். எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற டிரைவரிடம் நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இதற்குக் காலை ஒரு குவளை, அதற்கு மாலை அரைக் குவளை என்று மருந்துச் சீட்டேதான். அக்காவும் தங்கையும் பத்து நாளும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் தினமும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஊத்தியாச்சா?"

"ஆச்சு சார்."

திரும்பி வந்து கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். புல் கயிற்றையெல்லாம் உதறிவிட்டுக் குஞ்சம் குஞ்சமாய்க் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கிள்ள ஆளில்லாத மொட்டு அத்தனையும் பூத்துவிட்டது. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "சார், இந்த வருஷம்தான் தோட்டம் தோட்டமா இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

எதிர்வீட்டு டிரைவர் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க சார். உங்க பேப்பரை முதல் நாளே எங்கேயோ வச்சுட்டேன். முழங்கால் வலி வேற. ஒரு சொட்டு ஊத்தலை."

மருந்துக்கடைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனையும் பட்டுப்போயிருந்தால்கூட இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார். குனிந்தார், தேடினார், புதருக்குள் தலையைவிட்டுத் தேடினார். கடைசியில் அடியில் ஒரு பழுத்த இலை கிடைத்தது. முகம் மலர்ந்தது.

"பாத்தியா, பத்து நாள் நான் இல்லை. என்ன கதி ஆயிருக்கு."

மனைவி அந்த இலையை வாங்கிப் பார்த்தார், வெளியே எறிந்தார், தங்கைக்கு ஃபோன் போட்டார். "அடுத்த வருஷம் ஒரு மாசம் வர்றேன்டி."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். லீவு முடிந்து ஆபீசுக்குப் போன அன்று, நீங்கள் இல்லாமலே எல்லாம் ஒழுங்காக நடந்திருப்பதைப் பார்த்ததும் நீங்கள் என்ன செய்தீர்களாம்? உட்கார்ந்த கையோடு எந்த ஃபைலைப் பிரித்துத் தப்புத் தேடினீர்கள்?