ஒருவரையும் களைக்க விடாத சீனத்தார்

இத்தாலியின் பலேர்மோ நகரில் எங்கள் ஆட்களில் ஒருவரையும் நிம்மதியாகக் களைக்க விடாத மனிதர் ஒருவர் இருந்தார். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அதனால் எங்கள் ஊர் ஆளான அவருக்குச் சீனத்தார் என்று பட்டம். சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளில் கபோ சந்தைக்கு மேலே ஒரு வீட்டில் ஆறு பேர் ஒரே குசினியில் சமைத்துக்கொண்டு இருந்தோம். அந்தக் கடைச் சமையல்காரர் அவருக்கு ஒரு சீனச் சொல் பழக்கியிருந்தார்: ஜின் பி லி ஜின். வேலையால் வந்து, "களைச்சுப் போனன்" என்று யாரும் வாயைத் திறந்தால் போதும், முன்னால் வந்து நிற்பார்.

"நரம்பு களைச்சதோ, பலம் முடிஞ்சதோ?"

"எனக்கென்ன தெரியும் தம்பி. முதுகு முறியுது" என்றேன் ஒருநாள்.

"அப்பிடிச் சொல்லேலாது அக்கா. முதல் ரெண்டு சத்தம் நரம்பு களைச்சது. மற்ற ரெண்டும் பலம் தீர்ந்தது. ரெண்டும் இருந்தால்தான் சீன ஆக்கள் இந்தச் சொல்லை எடுப்பினம். எங்கை, அந்த அரிசிப் பையைத் தூக்குங்கோ பாப்பம்."

தூக்கினால், "பலம் கிடக்கு" என்று போய்விடுவார். தூக்காவிட்டால் நடிப்பு என்பார். காய்ச்சலோடு படுத்திருந்த ஒருவரை எழுப்பித் தண்ணீர் வாளி தூக்க வைத்தார். அந்த ஆள் வாளியை அவருடைய காலிலேயே போட்டார். "இது கோபம், களைப்பில்லை" என்று சீனத்தார் நொண்டிக்கொண்டே விளக்கம் சொன்னார்.

அப்போது நான் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலிய வீட்டுக்காரம்மாவின், தாயைப் பராமரித்தேன். நடக்க மாட்டாத, நல்ல பாரமான மனுசி. கிழமையில் ஏழு நாளும் கட்டிலால் கதிரைக்கும் கதிரையால் கட்டிலுக்கும் தனியத் தூக்க வேண்டும். என் இடுப்பு விட்டால் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது, அந்த நாட்டிலேயே இருக்க முடியாது. ஒரு ஞாயிறாவது லீவு கேட்கவேண்டும். எனக்கோ பாஷை குறைவு, வெட்கம் அதிகம். என் கெட்ட காலம், எங்கள் வீட்டில் இத்தாலியன் ஒழுங்காகக் கதைப்பவர் சீனத்தார் ஒருவர்தான்.

எனக்காகக் கதைக்கச் சொல்லி அவரைச் சிஞ்ஞோரா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வந்தவர் லீவைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. விரல் மடித்து நாலு சத்தத்தையும் சிஞ்ஞோராவுக்கு விளங்கப்படுத்தினார். எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது.

தானும் களைத்துத்தான் இருக்கிறேன் என்றார் சிஞ்ஞோரா. சீனத்தார் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தாயை ஒருக்காத் தூக்கச் சொல்லியிருக்கிறன் அக்கா."

வேலை போனது போனதுதான் என்று நினைத்தேன். ஆனால் சிஞ்ஞோரா ரோசக்காரி. தூக்கினார். பாதி எழும்பிய தாயோடு சேர்ந்து கட்டிலிலேயே விழுந்தார். தாய் விழுந்து விழுந்து சிரித்தார். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு கனநேரம் என் கைகளைப் பார்த்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வரவேண்டாம், என் தம்பியைக் கூப்பிடுகிறேன் என்றார்.

"இப்ப விளங்குதோ அக்கா, எந்த இடத்திலை இந்தச் சொல்லைப் பாவிக்கிறதெண்டு?" என்று திரும்பி வரும் வழி முழுக்கச் சீனத்தார் என் உயிரை எடுத்தார்.

முதல் ஞாயிறு வந்தது. எல்லோரும் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைக்கு வெளிக்கிட்டார்கள். சீனத்தார் என் அறை வாசலில் நின்றார்.

"வாறியளோ அக்கா?"

"இல்லைத் தம்பி. களைப்பாக் கிடக்கு."

நரம்போ பலமோ என்று கேட்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர் சந்தைச் சத்தம் வராமல் யன்னலைச் சாத்தினார். பிறகு சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு படியிறங்கிப் போனார்.