மூன்று மூட்டைச் சர்க்கரை

சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். தூங்குகிற பயணியைப் பார்த்தால் நடிக்கிறார் என்று தோன்றும். குறட்டை விட்டால் சந்தேகம் உறுதியாகிவிடும். இந்தக் குணத்தைச் சட்டையோடு கழற்றி மாட்டத் தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

என் மனைவி ஸ்டெல்லாவும் அவள் அப்பாவும் தலைச்சோலை என்ற மலைக்கிராமத்துக்குப் பக்கத்தில், காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு சரிவில் திராட்சை போட்டு ஒயின் செய்கிறார்கள். (லைசென்ஸ் வாங்கிய கதையைக் கேட்காதீர்கள், மாமனாருக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது.) அந்த ஒரே தோட்டத்துப் பழம். ஈஸ்ட் கிடையாது, சர்க்கரை கிடையாது, மருந்து கிடையாது. பழத்தை நசுக்கித் தொட்டியில் போட்டுவிட்டு, அது தானாகப் புளித்து ஒயினாகும்வரை கை வைக்காமல் இருப்பதுதான் வேலை. “சும்மா இருக்கறதுக்கு ரெண்டு பேர் எதுக்கு?” என்று ஒருமுறை கேட்டேன். அன்று இரவு எனக்குச் சோறு கிடைக்கவில்லை.

மூன்று வருடமாக வாங்க ஆளில்லை. கடைசியில் பெங்களூரில் ஹோட்டல் நடத்தும் ஒருவர், திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவரும் வேண்டாமென்றால் கொடிகளை வெட்டிவிட்டு மிளகு போடுவதாக மாமனார் முடிவே செய்துவிட்டார்.

முந்தின நாள் ஞாயிறு. இருவரும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். காவலுக்கு நான். அப்போதுதான் தொப்பி போட்ட ஒருவர் கேட் வழியாக வராமல், கொடிகளுக்கு நடுவே இறங்கி வந்தார். மண்ணை அள்ளி மோந்தார். ஒரு பழத்தைப் பறித்து, விதையைக் கடித்துப் பார்த்தார்.

“ஏனுங்க, யாரு வேணும்?”

“சும்மா பாக்கலாம்னு வந்தேனுங்க.”

(பஸ்ஸில் ‘சும்மா ஏறினேன்’ என்றவர் எவரும் டிக்கெட் எடுத்ததாக நான் கண்டதில்லை.)

அவர் நோட்டை எடுத்தார். “பழமெல்லாம் இந்தத் தோட்டத்துதுங்களா? ஈஸ்ட் ஏதாச்சும் போடறீங்களா?”

எனக்குப் புரிந்துவிட்டது. எவனோ போட்டிக்காரன் ரகசியத்தைத் திருட ஆளனுப்பியிருக்கிறான்! மூன்று வருட உழைப்பை நான் காப்பாற்ற வேண்டாமா?

“பழமுங்களா? தேனிப் பக்கமிருந்து லாரியில வருதுங்க” என்றேன். “ஈஸ்ட் நொம்பப் போடுவோம். தொட்டிக்கு மூணு மூட்டைச் சக்கரை.”

“கலர்?”

“ரோஸ்மில்க் எசென்ஸ்.”

ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். எழுத எழுத முகம் தொங்கியது. மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். “ஒண்டிக்கடை ரவுண்டானாகிட்ட ஒரு காப்பி குடிச்சிட்டுக் கிளம்பறேனுங்க” என்று போனார். கேட் வரை போய், அவர் மறையும்வரை முறைத்துவிட்டு வந்தேன்.

ஸ்டெல்லா திரும்பியதும் என் வீரத்தைச் சொன்னேன். அவள் பைபிளைக் கீழே வைக்கவே மறந்துவிட்டாள்.

“தொப்பி போட்டிருந்தாருங்களா?”

“ஆமா.”

“மண்ணை மோந்தாருங்களா?”

“அதனாலதானே கண்டுபிடிச்சேன்!”

வந்தது பெங்களூர் ஹோட்டல்காரரேதான். சொல்லாமல் ஒரு நாள் முன்னதாக வந்து பார்ப்பது அவர் வழக்கம் என்று அன்று சர்ச்சில்தான் யாரோ அவளிடம் சொன்னார்களாம். ஒருவகையில் அவரும் செக்கிங்தான்.

ஸ்கூட்டரில் பறந்தோம். ரவுண்டானாவை ஒட்டிய பேக்கரி ஒன்றில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா மூச்சிரைக்க எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் என்னையே பார்த்தார். இத்தனை வருடம் நான் பயணிகளைப் பார்த்த அதே பார்வை. எதிர்ப்பக்கத்திலிருந்து அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது, காதெல்லாம் சுட்டது.

“உங்க ஊட்டுக்காரரே சொன்னாருங்களே அம்மா. எதை நம்பறது? ஊட்டை முழுசாத் தொறந்து காட்டுங்க, பாக்கலாம்.”

காட்டினோம். தொட்டிக்குள் டார்ச் அடித்தார். சமையலறை டப்பாக்களைத் திறந்து மோந்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்தார். மாமனார் ஜெபமே செய்ய ஆரம்பித்துவிட்டார். கடைசியில் ஹோட்டல்காரர் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தார். ரோஸ்மில்க் எசென்ஸ்.

“அது நான் குடிக்கறதுங்க” என்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்டெல்லா தொட்டியிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்து நீட்டினாள். அவர் வாயில் வைத்தார், கண்ணை மூடினார், கொப்பளித்தார், வெகுநேரம் கழித்து விழுங்கினார்.

“இதுல சக்கரை இல்லைங்க” என்றார் மெதுவாக. ஆனாலும் என் பேச்சு மனதில் உறுத்தியதோ என்னவோ, மொத்தத்தையும் எடுக்க வந்தவர் அந்த வருடம் பன்னிரண்டு பாட்டில் மட்டும் கொண்டுபோனார். அடுத்த வருடம் எல்லாவற்றையும் எடுத்தார். கொடிகள் பிழைத்தன.

இப்போது வாங்குபவர்கள் யார் வந்தாலும், ஈஸ்ட் உண்டா, சர்க்கரை உண்டா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஸ்டெல்லா பதில் சொல்லி முடிப்பதற்குள் மாமனார் முந்திக்கொள்வார்:

“ஒயின்ல ஒண்ணுமே சேக்கறதில்லைங்க. கலப்படமெல்லாம் குடும்பத்துலதான். அதோ, கேட்டுக்குப் பக்கத்துல நிக்கறாரு பாருங்க.”